ஆம்பிரிஸ்டர் நின்றாரா, ஓடினாரா?

பழைய கேட்சர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1975 பேஸ்பால் உலகத் தொடரில் சின்சினாட்டிக்கும் பாஸ்டனுக்கும் நடந்த மூன்றாவது ஆட்டத்தில், ஆம்பிரிஸ்டரும் ஃபிஸ்க்கும் மோதியபோது நடுவர் லாரி பார்னெட் சொன்னது சரியாம். வேண்டுமென்றே மோதாவிட்டால் இடையூறே, அதாவது ஃபீல்டரைத் தடுத்த குற்றமே, கிடையாதாம். எறிந்த பந்துக்குத்தான் எண்ணம் பார்ப்பார்கள். அடித்த பந்தை எடுக்கப் போகிறவரைத் தடுத்தால் தெரிந்து தடுத்தாலும் தெரியாமல் தடுத்தாலும் அவுட்.
சின்சினாட்டி, பத்தாவது இன்னிங்ஸ், 5-5. முதல் பேஸில் சின்சினாட்டியின் ஜெரோனிமோ. அதே அணியின் ஆம்பிரிஸ்டர் பன்ட் செய்த, அதாவது மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிய பந்து, பிளேட்டுக்கு (அடிப்பவர் நிற்கும் இடம்) முன்னாலேயே குத்தி உயர எழும்பியது. ஓட வேண்டியவர் ஓரடி வைத்து நின்றுவிட்டார். பாஸ்டனின் கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) கார்ல்டன் ஃபிஸ்க் அவர்மேல் இடித்துக்கொண்டுதான் பந்தை எடுத்தார். இரண்டாம் பேஸுக்கு எறிந்தது சென்டர் ஃபீல்டுக்குப் போய்விட்டது. அப்புறம் சின்சினாட்டியின் ஜோ மார்கன் அடித்தார், 6-5 என்று ஜெயித்தார்கள். ஆம்பிரிஸ்டர் நின்றார் ஐயா, நின்றார்.

சிவப்பு இயந்திரம்:
எறிதல் தப்பிப்போனது ஃபிஸ்க்கின் கைப்பிழை. பந்து கையில், ஆள் பக்கத்தில். தொட்டிருந்தால் அங்கேயே ஒரு அவுட். அதை விட்டுவிட்டு அரை நூற்றாண்டாக அழுகிறீர்கள்.

விதிப் பித்தன்:
சண்டைக்கு முன் ஒன்று. அடிக்கும் அணி தடுத்தால் இடையூறு, ஓடுகிறவரை ஃபீல்டர் தடுத்தால் மறிப்பு. இரண்டும் வேறு. பேஸ்பால் விதி 6.01 ஏ 10-இன் விளக்கவுரையைப் பாருங்கள்: முதல் பேஸுக்குப் போகும் பேட்டரும் பந்தை எடுக்கும் கேட்சரும் உரசிக்கொண்டால் பொதுவாகக் குற்றமில்லை, எதுவும் அறிவிக்க வேண்டாம்.

சிவப்பு இயந்திரம்:
முடிந்தது கதை. நன்றி.

பழைய கேட்சர்:
என்ன முடிந்தது? "போகும்" என்று எழுதியிருக்கிறது. நின்றவர் எப்படிப் போகிறவர் ஆவார்? எட்டு வருடம் சாஃப்ட்பாலில் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அண்ணாந்து பந்தைப் பார்க்கிற நேரத்தில் காலடியில் ஆள் நிற்பது கண்ணுக்கே தெரியாது. முழங்கால் இடித்த பிறகுதான் தெரியும்.

ஆரஞ்சுப் பை:
சாஃப்ட்பாலைப் பேஸ்பாலோடு கலக்காதீர்கள். எங்களுக்கு முதல் பேஸே இரட்டை: வெள்ளைப் பாதி ஃபீல்டருக்கு, ஆரஞ்சுப் பாதி ஓடுகிறவருக்கு.

பழைய கேட்சர்:
மோதல் நடந்தது பிளேட்டில். முதல் பேஸ் இங்கே எதற்கு?

ஆரஞ்சுப் பை:
போன மாதமும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். முதல் பேஸுக்கு ஓடும் பாதை குறுகல் என்றேன், சிரித்தீர்கள். 2024இல் மேஜர் லீக்கே அதை உள்பக்கப் புல் விளிம்புவரை அகலமாக்கியது. ஒரு வார்த்தை, "நீங்கள் சொன்னது சரி" என்று வந்ததா?

விதிப் பித்தன்:
பாதை வேறு, இது வேறு. அந்த விளக்கம் 1975இல் நடுவர்களுக்கான தனிக் குறிப்பாக இருந்தது. பார்னெட் அதன்படிதான்…

பழைய கேட்சர்:
குறிப்பிலும் அதே "போகும்" தான். ஒரு சொல்லை மட்டும் ஏன் தாண்டித் தாண்டிப் படிக்கிறீர்கள்?

சிவப்பு இயந்திரம்:
ஆம்பிரிஸ்டர் திகைத்து அரை நொடி தயங்கினார். தயங்குவது நிற்பதா?

பழைய கேட்சர்:
கால் நகரவில்லை என்றால் நிற்பதுதான்.

சிவப்பு இயந்திரம்:
ஃபிஸ்க் பின்னாலிருந்து வந்து இடித்தார். முதுகில் கண்ணா இருக்கிறது ஆம்பிரிஸ்டருக்கு?

பழைய கேட்சர்:
மறுபடி எண்ணத்துக்கே வருகிறீர்கள்! அடித்த பந்துக்கு எண்ணம் கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். படிக்காமல் பதில் போடுவது சின்சினாட்டிக்காரர்களுக்கு வழக்கம்.

சிவப்பு இயந்திரம்:
தொடர் 4-3 யாருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆரஞ்சுப் பை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய கேட்சர்:
அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வலது காலைப் பாருங்கள். நின்றார்.