‘கூட்டு’ வேண்டாம், ‘பெருக்கம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு முதலீடு ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை விழுக்காடு வளர்ந்தது என்பதைச் சொல்லும் Compound Annual Growth Rate (CAGR) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியவில்லை என்பதுதான் என் அனுபவம். போன மாதம் இங்கே ஒரு சமூக மன்றத்தில் மூத்தோருக்கு முதலீட்டுக் கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். பலகையில் இந்தத் தொடரை எழுதியதும் முன்வரிசை அக்கா ஒருவர், “கூட்டுன்னா எல்லா வருஷத்தையும் கூட்டி வகுக்கணும், அதானே தம்பி?” என்றார்.

அவர்மேல் தவறில்லை. பள்ளியில் படித்த ‘கூட்டுச் சராசரி’ அதைத்தான் செய்யச் சொல்கிறது. ‘கூட்டு வட்டி’யில் அதே சொல், வட்டியை அசலோடு சேர்த்து மறுபடி பெருக்குவதைக் குறிக்கிறது. வங்கியில் ‘கூட்டுக் கணக்கு’ என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருப்பது. பாவம், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

சிங்கப்பூரின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான மத்திய சேமநிதியின் சிறப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெள்ளி பத்தாண்டு தொடாமல் கிடந்தால் ஏறத்தாழ 14,802 வெள்ளியாகும். ஏறியது 48 விழுக்காடு. பத்தால் வகுத்தால் 4.8 வரும், ஆனால் வட்டி 4 தான் என்று நமக்குத் தெரியும். அந்த 4 கிடைக்க, இறுதித் தொகையை முதல் தொகையால் வகுத்து, வரும் 1.4802க்குப் பத்தாம் மூலம் (பத்து முறை எழுதிப் பெருக்கினால் 1.4802 தரும் எண்) கண்டு, அதிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இதில் கூட்டலே இல்லை. கணிதப் பாடத்தில் வரும் ‘பெருக்குச் சராசரி’யின் வழி இது.

பங்குகளில் இந்தக் குழப்பம் பணத்தையே பாதிக்கும். முதல் ஆண்டு 50 விழுக்காடு ஏற்றம், மறு ஆண்டு 50 விழுக்காடு இறக்கம் என்றால் கூட்டுச் சராசரி பூஜ்யம். நட்டமில்லை என்று தோன்றும். போட்ட 10,000 வெள்ளியில் மிஞ்சுவதோ 7,500. அதாவது ஆண்டுக்குச் சுமார் 13.4 விழுக்காடு இழப்பு. ஓய்வுக்காலப் பணத்தை எங்கே போடலாம் என்று யோசிப்பவருக்கு எந்தச் சராசரியைச் சொல்கிறோம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: ஆண்டுப் பெருக்க வீதம்.

பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. பணம் பெருகுவதும் நாம் எண்களைப் பெருக்குவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘வளர்ச்சி’யைத் தனியாக ஒட்ட வேண்டியதில்லை. வட்டி குட்டி போடும் என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தப் பெருக்கத்தைத்தான். அப்புறம், ‘விகிதம்’ இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. இங்கே ‘வீதம்’தான் சரி.

‘தொடர் வளர்ச்சி வீதம்’ என்று இன்னொருவர் சொன்னதும் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடையில் இறக்கமே வராது என்ற எண்ணத்தை அது தரும் என அஞ்சுகிறேன். என் சொல்லிலும் ஒரு நெருடல் உண்டு: இழப்பு வரும்போது ‘பெருக்கம்’ என்பது காதில் உறுத்தும். ‘வளர்ச்சி’க்கும் அதே சிக்கல் இருப்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாதாமாதம் பணம் போடுபவருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. ஒவ்வொரு தவணையும் வேறு வேறு காலம் வளர்கிறது, அதற்குத் தனிச்சொல் தேவை. அதை அடுத்து எடுப்போம். வரும் சனிக்கிழமை வகுப்புக்கான கையேட்டில் ‘ஆண்டுப் பெருக்க வீதம்’ என்றே அச்சடிக்க நினைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.