அட்வான்ஸ் கட்டினால்தான் பார்ப்பார்களா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாத கர்ப்பிணியான என் தங்கைக்குப் போன வாரம் நள்ளிரவில் திடீரென்று ரத்தப்போக்கு. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். 50,000 ரூபாய் கட்டினால்தான் அட்மிஷன் என்று சொல்லிவிட்டார்கள். பிரஷர்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். தாயும் பிள்ளையும் நலம், அதுவே பெரிய விஷயம்.

ஆனால் மனசு ஆறவில்லை. தேடிப் படித்ததில், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பாற்றுவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்!

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுப்பதா, மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுவதா? பணமே கட்டாததால் நுகர்வோர் ஆணையம் ஏற்குமா? கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணம் தர வேண்டும் என்கிறது விதி. எங்களுக்கோ ஓபி சீட்டுகூடப் போடவில்லை. அன்றைக்கு அங்கே போனோம் என்பதற்கு என் போன் கால் பதிவும் ஆட்டோக்காரரும்தான் சாட்சி. சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதைக் கேட்டு வாங்க வழி உண்டா? இப்படிப் புகார் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.