ஆர்சி கார் கூடுதல் நேரம் ஓட: பெரிய பேட்டரியா, சின்ன பினியனா?

பார்வதிபுரம்_540:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கது டாமியா கம்பெனியோட டிடி-02 (TT-02) ரிமோட் கார். கிட்டோட வந்த சில்வர் கேன் 540 பிரஷ்ட் மோட்டார், 22 பல் பினியன் (மோட்டார் தண்டுல இருக்க சின்ன கியர்), 70 பல் ஸ்பர் (பினியன் சுத்தி விடுற பெரிய கியர்), 7.2 வோல்ட் 3000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) நிக்கல் பேட்டரி. சாயங்காலம் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூட கிரவுண்டுல நானும் அக்கா பையனும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். அவன் கைக்கு ரிமோட் போய்க் கொஞ்ச நேரத்துலேயே வண்டி சோர்ந்துடுது, அவன் முகமும் வாடிடுது. கடையில 2எஸ் லிப்போ (ரெண்டு செல் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி) 5000 எம்ஏஎச் வாங்கச் சொல்றாங்க. நண்பர் ஒருத்தர் பேட்டரியைத் தொடாதே, கியரை மாத்துங்கார். ரெண்டுக்கும் சேர்த்துச் செலவு பண்ண இப்ப வழியில்ல. முதல்ல எதைச் செய்யணும்?

தக்கலை_லிப்போ:
பேட்டரி, தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

எம்ஏஎச்சை மட்டும் பார்க்காதீங்க. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்க. உங்க நிக்கல் பேக் 7.2 × 3, அதாவது 21.6 வாட்-அவர். 2எஸ் லிப்போ 7.4 × 5, அதாவது 37. ஒரே மாற்றத்துல 70 சதவீதம் கூடுதல். எடையும் குறையும்: ஆறு சப்-சி அளவு செல் சேர்ந்த நிக்கல் பேக் 400 கிராம் பக்கம் வரும், 5000 லிப்போ பெரும்பாலும் 300-க்குள்ள நிக்கும். எடை குறைஞ்சு ஆற்றல் கூடுற மாற்றம் இந்தப் பொழுதுபோக்குல வேற எதுவும் கிடையாது.

இன்னொண்ணு. நிக்கல் பேக் சுமை ஏறினதும் வோல்ட் தொய்ஞ்சிடும். பையன் கைக்குப் போனதும் வண்டி சோருதுன்னு சொன்னீங்களே, அது அந்தத் தொய்வுதான். லிப்போ கடைசிப் பகுதி வரைக்கும் இழுவையை விடாது. லேபிள்ல 50சி, 100சின்னு (ஆம்பியர்-அவரைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரும்ங்கிற எண்) போட்டிருக்கதைப் பார்த்து மயங்காதீங்க. 5000 எம்ஏஎச்சுக்கு 50சின்னா 250 ஆம்பியர். அதுல மாட்டியிருக்க எக்ஸ்டி60 கனெக்டரே 60 ஆம்பியருக்கு உள்ளது. சி கூடினா ஓட்டநேரம் கூடாது.

ஆரல்வாய்_பினியன்:
அண்ணன் போட்ட பெருக்கல் சரி. ஆனால் அது பைக்கில் பெட்ரோல் டாங்க் எவ்வளவு பெரிசு என்கிற கணக்கு. இந்தத் தம்பி தெரிஞ்சுக்க வேண்டியது மைலேஜ்.

பள்ளிக்கூட கிரவுண்டில் ஓட்டம் எப்படி இருக்கும்? கிளம்பி, முழு த்ராட்டில் இழுத்து, சுவர் வரும்போது பிரேக், திருப்பம், மறுபடி முழு த்ராட்டில். ஒன்றரைக் கிலோ வண்டியை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வண்டிக்குள் ஏற வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 52 ஜூல். பிரேக் பிடித்த நொடியில் அது முழுக்கப் போச்சு. நம்ம ஸ்பீட் கண்ட்ரோலர்கள் (மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மோட்டார் முனைகளைச் சேர்த்துப் பிடித்துத்தான் நிறுத்துகின்றன. அந்த ஆற்றல் மோட்டார் சுருளில் சூடாகப் போகும், பேட்டரிக்குத் திரும்பாது.

கிளம்புவதிலோ இன்னும் மோசம். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது எதிர் மின்னழுத்தம் (சுற்றும் மோட்டாரே பேட்டரிக்கு எதிராக உண்டாக்கும் வோல்ட்) உருவாகியிருக்காது, அதனால் ஆம்பியர் எகிறும். அப்போது உறிஞ்சுவதில் பெரும்பகுதி சூடுதான், இழுவை இல்லை. 22-ஐ எடுத்துவிட்டு 19 பல் போட்டால் டிடி-02-இல் மொத்த விகிதம் (சக்கரம் ஒரு தடவை சுற்ற மோட்டார் எத்தனை தடவை சுற்றுகிறது என்பது) 8.27-லிருந்து 9.58 ஆகும். மோட்டார் சீக்கிரம் சுற்றுப் பிடிக்கும், அந்த மோசமான கட்டத்தில் நிற்கும் நேரம் சுருங்கும். உச்ச வேகம் 14 சதவீதம் குறையும், ஆனால் சுவருக்குச் சுவர் ஓடும் கிரவுண்டில் அந்த உச்ச வேகத்தை நீங்கள் எட்டுவதே அபூர்வம். பினியன் விலை லிப்போ விலையில் சின்னப் பங்கு. இதிலிருந்து தொடங்குங்கள்.

குளச்சல்_மணல்:
ரெண்டு பேரும் வண்டியைக் கையில எடுத்துப் பாக்கச் சொல்லல்லியே. மக்கா, முதல்ல அதைச் செய்யி. பேட்டரியைக் கழட்டி, மோட்டாரையும் கழட்டி வச்சிட்டு, சக்கரத்தை விரலால ஒரு தட்டுத் தட்டு. எவ்வளவு நேரம் சுத்துது? டிடி-02 கிட்டுல வாறது பிளாஸ்டிக் புஷ்ஷிங் (தண்டு உரசிச் சுத்துற வளையம்) ஆக்கும். அதுல புழுதி ஏறிட்டுன்னா தண்டையே கவ்விப் பிடிக்கும். பால் பேரிங் செட் போட்டா அந்த வித்தியாசம் விரல்லயே தெரியும். பிறகு பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவுல ஒரு காகிதத் துண்டைக் கொடுத்துச் சுத்தி எடு. கிழியாம மடிப்பு மட்டும் விழணும். கிழிஞ்சா இறுக்கம் கூடுதல், அம்புட்டும் கரண்ட்டைத் தின்னும்.

கடற்கரைக்குக் கொண்டு போற எண்ணம் இருந்தா இந்த வண்டியோட வேண்டாம். எனக்க டிரக்கை மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல்ல ஓட்டினது உண்டு. நமக்க கரையில கறுப்பா வரி வரியாக் கெடக்குல்லா, அது இல்மனைட்டுங்க தாது கலந்த மணல். அங்க உள்ள அரிய மணல் ஆலையில இல்மனைட்டைக் காந்தம் வச்சுத்தான் பிரிக்காவ. அப்ப மோட்டாருக்குள்ள இருக்க காந்தம் அதை விட்டு வைக்குமா? 540 கேன்ல காத்துப் போக ஓட்டை உண்டு, பொடி நேரா உள்ள போவும். உப்பு வேற. ஒரு பேரிங்கைக் கழட்டி உள்வளையத்தை விரல் நுனியில பிடிச்சு வெளிவளையத்தைச் சுத்திப் பாத்தா, நறநறன்னு ஒரு தடங்கல் கையில ஏறும். அப்படி ஒண்ணு ரெண்டு வண்டியில கெடந்தா நீங்க எந்தப் பேட்டரி போட்டும் காரியமில்ல.

தக்கலை_லிப்போ:
பேரிங் போடட்டும், பல் குறைக்கட்டும், நான் தடுக்கல. எவ்வளவு நிமிஷம் கூடும்னு எண்ணாச் சொல்லுங்க. பேட்டரிக்கு நான் எண் சொன்னேன்.

வேகத்தைக் குறைச்சு நேரத்தைக் கூட்டுறதுன்னா அதுக்கு முடிவே கிடையாது. 19 போட்டு, பிறகு 17 போட்டு, கடைசியில பையன் வண்டி கூடவே நடந்து போவான். ஆர்சி வாங்குறது ஓட்டத்துக்காக. ஓட்டம் அப்படியே இருக்கணும், நேரமும் கூடணும்னா ஆற்றலைத்தான் கூட்டணும். ஒரு 5000 போதலைன்னா ரெண்டு பேக்கை பேரலல்ல (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து) போடுங்க. 300 கிராம் எடை ஏறும், ஒன்றரைக் கிலோ வண்டிக்கு அது 20 சதவீதம். எடை கூடின அளவுக்கே ஆற்றல் செலவும் கூடுதுன்னு வச்சாலும், இரட்டை ஆற்றலை 1.2-ஆல வகுத்தா 1.67 மடங்குக்கிட்ட நிக்கும். அது போக, ஒவ்வொரு பேக்கும் பாதி ஆம்பியர்தான் தரணும், பேட்டரிக்குள்ள வீணாகுற சூடும் குறையும். பினியனால இதைக் கொடுக்க முடியுமா?

ஆரல்வாய்_பினியன்:
எண் கேட்டீர்கள். அது அவரவர் சார்ஜரில்தான் இருக்கிறது. ஓட்டி முடித்து, ஆறவைத்து, சார்ஜ் போட்ட பிறகு எத்தனை எம்ஏஎச் திரும்ப ஏறியது என்று டிஸ்ப்ளே உள்ள சார்ஜர் காட்டும். உதாரணத்துக்கு 12 நிமிடம் ஓட்டி 2400 ஏறியது என்றால் சராசரி 12 ஆம்பியர். (நிக்கலில் சார்ஜ் போடும்போதே கொஞ்சம் சூடாக வீணாகும் என்பதால் உண்மை எண் சற்றுக் கீழே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.) இப்போது பினியனை மாற்றி, அதே கிரவுண்டில், அதே ஆள் ஓட்டி, மறுபடி பாருங்கள். சராசரி 10 ஆம்பியருக்கு இறங்கினால் அதே 2400 உங்களுக்கு 14 நிமிடத்துக்கு மேல் வரும். நாளை நீங்கள் சொல்லும் லிப்போவையே வாங்கி, 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும், 12 ஆம்பியருக்கு 20 நிமிடம், 10 ஆம்பியருக்கு 24. குறைத்த ஆம்பியர் எந்தப் பேட்டரி வந்தாலும் கூடவே வரும். பேட்டரியில் போட்ட பணமோ அந்த பேக் உப்பும் நாள் வரைக்கும்தான்.

அளக்கும்போது காற்றையும் கவனியுங்கள். ஆனி ஆடியில் எங்கள் ஊர்ப் பக்கம், முப்பந்தல் காற்றாலைகள் நிற்கிற அந்தக் கணவாய்க் காற்றில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போக, 30 கிலோமீட்டர் காற்று எதிரே வந்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு. திரும்பி வரும்போது அது பூஜ்யம். சராசரியில் காற்றில்லாத நாளைப் போல இரண்டு மடங்கு. போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்பது நடக்காது. ஆடியில் ஒரு பேட்டரியையும் ஐப்பசியில் ஒரு பேட்டரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

முக்கியமான விஷயத்தை அண்ணன் தொடவே இல்லை. சூடு. சில்வர் கேன் மோட்டார் பிரஷ் மாற்ற முடியாத வகை. பேக் தீர்ந்து மாற்றுகிற இடைவெளிதான் இதுவரை அதற்குக் கிடைத்த ஓய்வு. நம்ம ஊர் மேமாத வெயிலில், 22 பல்லோடு இரண்டு லிப்போவை பேரலலில் மாட்டி விடாமல் இழுத்தால், பேட்டரி தீரும் முன்னாலேயே மோட்டார் 80 டிகிரியைத் தாண்டிவிடும். அப்புறம் காந்தம் தளரும், பிரஷ் தேயும், அதே வேகத்துக்கு இன்னும் கூடுதல் ஆம்பியர் கேட்கும். ஆற்றலைக் கூட்டுகிறவர் சூட்டைக் குறைக்கிற வழியையும் சொல்லியாக வேண்டும்.

மார்த்தாண்டம்_3எஸ்:
சண்டையை நிறுத்திட்டு வோல்ட்டைக் கூட்டுங்க. 150 வாட் வேணும்னா 7.4 வோல்ட்டுல 20 ஆம்பியர், 11.1 வோல்ட்டுல பதிமூணரை. வயர்லயும் கனெக்டர்லயும் வீணாகுறது ஆம்பியரோட இருமடிப்படி, அதனால அந்த இழப்பு பாதிக்கும் கீழே வந்துடும். 3எஸ் (மூணு செல் லிப்போ), குறைஞ்ச கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கிற எண்) உள்ள பிரஷ்லெஸ் மோட்டார், சின்ன பினியன். என் வண்டி அப்படித்தான் ஓடுது, மோட்டார் கை வச்சுப் பிடிக்கிற சூட்டுலதான் நிக்குது.

தக்கலை_லிப்போ:
உங்க வண்டிக்கு அது சரி. இந்தத் தம்பி கிட்ட இருக்கது 7.2 வோல்ட்டுக்கு உள்ள பிரஷ்ட் மோட்டார். 3எஸ் போட்டா மோட்டாரும் போவும், ஸ்பீட் கண்ட்ரோலரும் போவும். படிக்கிறவங்க யாராவது அப்படியே செஞ்சுடப் போறாங்க, அதனால அழுத்திச் சொல்றேன்: வேண்டாம்.

ஆரல்வாய்_பினியன்:
இதில் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பினியனைக் குறைக்காமல் வோல்ட்டை மட்டும் ஏற்றினால் வேகம்தான் கூடும், ஆம்பியரும் சேர்ந்து கூடும்.

பார்வதிபுரம்_540:
எல்லாருக்கும் நன்றி. லிப்போ வாங்குறதா இருந்தா வேற என்னென்ன வாங்கணும்? இப்ப இருக்கது நிக்கலுக்கு மட்டும் உள்ள சுவர் சார்ஜர்.

தக்கலை_லிப்போ:
அந்த சார்ஜரை லிப்போ பக்கமே கொண்டுபோகாதீங்க, தீப்பிடிக்கும். பேலன்ஸ் சார்ஜர் வேணும், எல்லா செல்லையும் சமமா ஏத்தி செல்லுக்கு 4.2 வோல்ட்டுல நிறுத்துறது. 5000 பேக்குக்கு 5 ஆம்பியர், அதுக்கு மேல வேண்டாம். சிமெண்ட் தரையில வச்சு, ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும் போடுங்க. ஸ்பீட் கண்ட்ரோலர்ல லிப்போ கட்-ஆஃப் (வோல்ட் ரொம்பக் குறைஞ்சா தானா நிறுத்துறது) உண்டான்னு கையேட்டுல பாருங்க. இல்லைன்னா பேலன்ஸ் வயர்ல மாட்டுற சின்ன அலாரம் ஒண்ணு வாங்கி, செல்லுக்கு 3.4 வோல்ட்டுல கத்துற மாதிரி வச்சுக்கிடுங்க. ஓட்டாத நாள்ல செல்லுக்கு 3.8-ல வைக்கணும். வெயில்ல நிக்கிற ஸ்கூட்டர் டிக்கியில ஒருநாளும் விட்டுட்டுப் போகாதீங்க. பேரலல்ல மாட்டும்போது ரெண்டு பேக்கும் ஒரே செல் எண்ணிக்கை, ஒரே வோல்ட் இருக்கணும். ஒண்ணு நிறைஞ்சு ஒண்ணு காலியா மாட்டினா ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குக் கட்டுப்பாடில்லாம கரண்ட் பாயும்.

ஆரல்வாய்_பினியன்:
பேக், பேலன்ஸ் சார்ஜர், அலாரம், ஒருவேளை புது ஸ்பீட் கண்ட்ரோலர். "யோசிக்கவே வேண்டாம்" என்று நீங்கள் முதலில் சொன்னபோது இந்தப் பட்டியல் அதில் இல்லை. தம்பி எழுதிய கேள்வியில் கடைசி இரண்டு வரி செலவைப் பற்றியது.

தக்கலை_லிப்போ:
சார்ஜர் ஒரு தடவை வாங்குறது, அடுத்த வண்டிக்கும் அதுவே ஆகும். நிக்கல் பேக்கும் சாகுற சாமான்தான், அது செத்ததும் இன்னொரு நிக்கல் வாங்குற காசு வீண். இன்னைக்குத் தள்ளிப் போடலாம், தவிர்க்க முடியாது. வேகத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ற யோசனையை நான் ஏத்துக்கவே மாட்டேன். பையனுக்கு ஆசை வர்றதே அந்த வேகத்துலதான்.

பார்வதிபுரம்_540:
இப்போதைக்கு பேரிங் செட்டும் 19 பினியனும் வாங்கறேன். நிக்கல் பேக்ல எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டு, ஓணத்துக்குப் பிறகு லிப்போவும் சார்ஜரும். நண்பர்கிட்ட டிஸ்ப்ளே உள்ள சார்ஜர் இருக்கு, அதை வாங்கி முன்னாடியும் பின்னாடியும் எம்ஏஎச் குறிச்சு இங்க போடறேன்.

தக்கலை_லிப்போ:
போடுங்க. லிப்போ வந்த பிறகு 22-ஐத் திருப்பி மாட்டியும் ஒரு தடவை அளங்க. அந்த எண்ணையும் நான் பார்க்கணும்.

குளச்சல்_மணல்:
பினியன் வாங்கும்போ பழசைக் கையில கொண்டு போ மக்கா. பல் எண்ணிக்கை மட்டும் சொன்னாப் போதாது, டிடி-02-க்கு 0.6 மாட்யூல் (பல்லுக்க அளவு) வேணும். 48 பிட்ச்ங்க வேற அளவுப் பல்லைத் தந்து விட்டுட்டாவன்னா ஸ்பர் பல்லு சீவிப் போவும். மாட்டும்போ மோட்டார் ஸ்குரு ஓட்டையையும் 19-க்கு உள்ள இடத்துக்கு மாத்தணும், கையேட்டுப் படத்துல இருக்கு. சின்ன ஸ்குருவைத் தண்டுல தட்டையாச் சீவின பக்கம் பாத்து இறுக்கு. பேரிங் போடும்போ முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுன்னு நிறுத்திராத, கியர்பாக்ஸுக்குள்ள இருக்கதையும் மாத்து. அதுக்குத்தான் வேலை கூடுதல்.