பின் ஆக்சில் கிரவுன் பினியன் மாற்றி நான்கு வழிச்சாலையில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வடசேரி மைனர்:
948 சிசி மோரிஸ் மைனர், பழைய கார். கிரவுன் பினியன் என்பது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி; சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.55 சுற்று சுற்றினால் அது 4.55. அந்த 4.55-ஐக் கழற்றிவிட்டு எம்ஜி மிட்ஜெட்டின் 3.9 போட்டாயிற்று. எண் குறைந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஏன் போட்டேன் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, நேரே காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலுக்கு வருகிறேன்.

போகும்போது சுகம்தான். ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று பின்னாலிருந்து தள்ள, 80-ல் முன்பு நிமிடத்துக்கு 3400 சுற்றில் அலறிய இன்ஜின் கணக்குப்படி 2900-ல் அமைதியாக ஓடியது. மாமா திருநெல்வேலி வரை அரசியல் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது, அது ஒன்றுதான் குறை.

திரும்பியது ஆடி மாதச் சாயங்காலம். காவல்கிணறு கழிந்து காற்றாலைகளுக்கு நடுவே நுழைந்தோம். டாப் கியர், கால் தரையோடு தரையாக. ஸ்பீடோமீட்டர் முள் 70-லிருந்து 60, அப்புறம் 55. சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமும் இல்லை. மூன்றாவதுக்கு இறக்குவதற்குள் பின்னால் ஒரு மினி லாரி ஹாரன் மேல் ஹாரன். தோவாளைக்குப் போகிற காலிக் கூடைகள் ஆடிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. மாமா திரும்பிப் பார்த்து, "என்ன மக்கா, பெட்ரோல் தீந்துட்டா?" என்றார்.

மைலேஜும் லிட்டருக்கு 14-லிருந்து 12-க்கு வந்துவிட்டது. அந்தக் கூடைகள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

குலசேகரம் ஜீப்:
உங்களுக்குக் காற்று, எங்களுக்கு ஃபோர் வீல் லிவர்.

அத்தானுடைய சிஜே 3பி ஜீப். முன்னும் பின்னும் 5.38. நாகர்கோவில் போய் வந்தாலே காது அடைக்கும். பட்டறைக்காரர் 4.88 செட் ஒன்று வைத்திருந்தார், "ரோட்டுல ஓட்டத்தானே, பின்னால மட்டும் போதும்" என்று பின்னால் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். உண்மையில் தார் ரோட்டில் அருமையாகத்தான் ஓடியது.

மழைக்காலத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குள் போனோம். செம்மண் சகதியில் ஃபோர் வீல் போட்டு ஏறிவிட்டோம். மேலே சிமெண்ட் ரோடு. அங்கே வந்ததும் ஜீப் குதிக்க ஆரம்பித்தது. டக், டக் என்று அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி. ஃபோர் வீலை எடுக்கலாம் என்றால் லிவர் வரவில்லை. அத்தான் இரண்டு கையாலும் இழுக்கிறார், காலை டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு இழுக்கிறார், ம்ஹூம். முன் சக்கரம் ஒரு கணக்கு, பின் சக்கரம் ஒரு கணக்கு, நடுவில் மாட்டிக்கொண்ட ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கேறி நிற்கிறது. பால் வெட்ட வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "பின்னால எடுலே" என்றார். ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனதும் 'டங்'கென்று ஒரு சத்தம், லிவர் தானாக விழுந்தது.

அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

ஹைபாய்டு அண்ணாச்சி:
வடசேரித் தம்பி, மைலேஜ் குறையவில்லை. மைனரில் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. ஆக்சிலை மாற்றியது அதற்குத் தெரியாது. 4.55-ஐ 3.9-ஆல் வகுத்தால் 1.17 வரும். மீட்டர் காட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் 1.17 ஓடுகிறீர்கள். உங்கள் 12-ஐப் பெருக்கிப் பாருங்கள், அதே 14. அந்த மினி லாரியிடம் தோற்றபோதும் முள் காட்டிய 55 உண்மையில் 64. இது தெரியாமல் நகருக்குள் ஓட்டினால் அபராதச் சீட்டு வரும்.

காற்று விஷயம் வேறு. 948-க்கு டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, உச்சம் 2500 சுற்றில். 64-ல் 3.9 போட்ட வண்டி 2300-ஐத்தான் தொடும். பழைய 4.55 என்றால் 2700. எதிர்காற்றில் அந்த 400 சுற்றுதான் டாப்பில் தாக்குப்பிடிப்பதா, மூன்றாவதுக்கு இறங்குவதா என்று முடிவு செய்கிறது. மொத்தம் 37 குதிரைச் சக்தி, அதில் பாதியை ஆடிக்காற்று தின்றால் மீதி என்ன இருக்கும்?

என் கதை சின்னது. கிரவுன் ஓரிடம், பினியன் வேறிடம் வாங்கி, நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் சேர்த்துப் போட்டார்கள். தக்கலை தாண்டி 60-ஐத் தொட்டதும் 'ங்ங்ங்' என்று ஆரம்பித்தது. பின் சீட்டில் இருந்த அக்கா வண்டு நுழைந்துவிட்டது என்று தினசரியைச் சுருட்டிக்கொண்டு மார்த்தாண்டம் மேம்பாலம் வரை தேடினாள். நான் காலை எடுத்தால் வண்டு ஓய்கிறது, மிதித்தால் பாடுகிறது. "இந்தா, ஒன் கால்லதான் இருக்கு" என்றாள்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கிரவுனும் பினியனும் கம்பெனியில் ஜோடியாகத் தேய்த்து இழைக்கப்பட்டவை, பிரித்து வாங்கவே கூடாது. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மைனரில் கிரவுனும் பினியனும் உள்ளே பொருத்திய முழு டிஃபரன்ஷியல் கூடாகவே கிடைத்தால் அதுதான் உத்தமம்: சக்கரத்துக்குப் போகும் இரண்டு பக்க ஹாஃப் ஷாஃப்ட்டை வெளியே இழுத்து, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, நட்டுகளை எடுத்தால் கூடு முன்பக்கமாக வந்துவிடும். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பல் இடைவெளியைச் சரிசெய்கிற தலைவலியே இல்லை. பிரித்துத்தான் போட வேண்டும் என்றால் பல்லில் மார்க்கிங் புளூ என்ற நீல மையைத் தடவிச் சுற்றிப் பார்க்காத மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் வண்டு நிச்சயம். ஆயிலும் ஹைபாய்டு என்ற இந்த வகைப் பல்சக்கரத்துக்கு உரிய இபி 90-தான். கியர்பாக்ஸுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

குலசேகரம், 4.88-க்கு முன் ஆக்சிலையும் மாற்றுங்கள், அல்லது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நடுவழி கிடையாது.

குலசேகரம் ஜீப்:
அண்ணாச்சி, கதை நாலு வரி, பாடம் நாற்பது வரி. முன் ஷாஃப்ட்டைக் கழற்றினால் தோட்டத்துக்கு எதில் போவது, உங்கள் மைனரிலா?

கருங்கல் 803:
எல்லோரும் டாப் கியரையே பேசுகிறீர்கள். ரிவர்ஸை யாரும் நினைப்பதில்லை.

என்னுடையது 803 சிசி மைனர், 30 குதிரை. ஆக்சில் 5.375. இரணியலுக்குப் போவதற்குள் இன்ஜின் செத்துப் பிழைக்கும். 948-ன் 4.55 கிடைத்தது, போட்டேன். நெடுஞ்சாலையில் குறையே சொல்ல முடியாது.

எங்கள் வீடு மேட்டில். ரோட்டிலிருந்து வாசலுக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் ஏற்றம். பாட்டா காலத்திலிருந்தே பின்பக்கமாக ஏற்றி நிறுத்துவதுதான் வழக்கம், காலையில் நேராக இறங்கிப் போய்விடலாம் என்று. புது ஆக்சிலோடு முதல் நாள் ராத்திரி, தூறல் வேறு. ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் திணறுகிறது. இன்னும் மிதித்துக் கிளட்ச்சைப் பாதியில் பிடித்தால் வண்டி அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. பாதி ஏற்றத்தில் சின்ன மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, என்னமோ கரியுது" என்றாள். கார்பெட் இடுக்கு வழியாகப் புகை. பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது. அந்த அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார், தள்ளிக்கொண்டே, "காத்தடிக்கப் போனாலும் சொல்லிட்டுப் போலே, நான் வாறேன்" என்றார்.

ஆக்சிலை மாற்றினால், இழுவை குறைந்து, முதல் கியரும் ரிவர்ஸும் சேர்ந்தே உயரும். எனக்கு அது 18 சதவீதம். இப்போது ரோட்டிலேயே ஓட்டம் எடுத்து முன்பக்கமாக ஏற்றிவிட்டு, காலையில் பஸ் வருகிறதா என்று மனைவி பார்த்துச் சொல்ல, ரிவர்ஸில் ரோட்டுக்கு இறங்குகிறேன்.

ஹைபாய்டு அண்ணாச்சி:
ஆக்சிலைத் தொடாமலே இன்ஜின் சுற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். பழைய 5.20-14 டயர் அளவுக்கு இணையான 145/80-க்குப் பதில் 165/80 ஆர் 14 போட்டால் சக்கரத்தின் விட்டம் 5 சதவீதம் கூடும். மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருங்கல் 803:
5 சதவீதம் கூடினால் ரிவர்ஸிலும் 5 சதவீதம் கூடும் அண்ணாச்சி. எனக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார்.

வடசேரி மைனர்:
சாலையோரக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டேன். கல் கணக்கில் 10 கிலோமீட்டர், மீட்டரில் எட்டரை. அண்ணாச்சி கணக்கு சரி.

1098 சிசி மைனரின் 4.22 முழுக் கூடாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், 80-ல் 3150 சுற்று எனக்குப் போதும். 3.9-ஐ ஆடிக்கு முன்னால் கொடுத்துவிடுகிறேன். ஏற்றம் இல்லாத வீட்டுக்காரர் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.