களையை அடக்கும் நெல்: தனி இலக்காக வைத்துத் தெரிவு செய்ய வேண்டுமா?

முகிலன்:
நடவு முறையில் மூன்று வார வயதுள்ள நாற்று, தேங்கிய நீரின் துணையோடு களையை முந்திக்கொண்டது. நேரடி விதைப்பிலோ நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. ஆள் பற்றாக்குறையும் நீர்ப் பற்றாக்குறையும் நேரடி விதைப்பைப் பரப்பிவரும் நிலையில், களையை அடக்கும் திறனை விளைச்சலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் இணையான இலக்காக வைத்தே புதிய வகைகளைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

செந்தாமரை:
கடுமையாக மறுக்கிறேன். உயரமான, இலை தொங்கும் நெற்செடிகளையும் குட்டை நெற்செடிகளையும் கலந்து வளர்த்துப் பார்த்த 1960களின் ஆய்வுகளில், உயரமானவை குட்டையானவற்றை நிழலில் மூழ்கடித்தன. ஆனால் தனித்து விதைத்தபோது அதிகம் விளைந்தவை அந்தக் குட்டைச் செடிகளே. 1966இல் வந்த குட்டை நெல் வகையான ஐ.ஆர்.8 சாதித்தது, அண்டைச் செடியோடு மல்லுக்கட்டாத அந்த உடலமைப்பால்தான். போட்டித்திறனைத் தேடிப் போனால் உயரமும் சாய்தலும் திரும்பி வரும். உரமிட்டால் படுத்துவிடும் பயிருக்கு மீண்டும் போய்ச் சேருவோம்.

முகிலன்:
அந்த ஆய்வுகள் நெல்லை நெல்லோடு மோதவிட்டவை, அம்மா. ஒரே வகையை விதைத்த வயலில் எல்லாச் செடிகளும் ஒரே அமைப்புடையவை என்பதால், அங்கே கேள்வி நெல்லுக்கும் களைக்கும் இடையிலானது மட்டுமே. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மேட்டுப்பாங்கான, நீர் தேங்காத நிலத்தில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள்: களையில்லாப் பாத்தியில் நன்றாக விளைந்து, இளம்பருவத்தில் வீரியமாகவும் இருந்த வகைகளே களை மண்டிய பாத்தியிலும் முன்னணியில் நின்றன. அதாவது விளைச்சலும் அடக்குதிறனும் ஒன்றையொன்று பலிகொள்ளவில்லை.

தெரிவு செய்பவர் பார்க்க வேண்டியது முதிர்ந்த செடியின் உயரத்தை அல்ல. விதைத்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வரிசைகளுக்கு நடுவே நின்று குனிந்து பாருங்கள். ஒரு வகையில் மண் பளிச்சென்று தெரியும், பக்கத்து வகையில் இலைகள் கிடையாகச் சாய்ந்து மண்ணை மூடத் தொடங்கியிருக்கும். அந்த மண்ணில், இலைநாக்கும் இலைச்செவியும் (நெல்லில் இலை தண்டோடு சேருமிடத்தில் இருக்கும் மெல்லிய சவ்வும் சிறு கொக்கிகளும்) இல்லாததை வைத்து நெல்லிலிருந்து பிரித்தறியக்கூடிய குதிரைவாலிப் புல்லின் இளங்கன்றுகள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்லிய இலைகளை முன்கூட்டியே விரித்து, விரைந்து தூர்கட்டி, பின்னர் நிமிர்ந்த இலைகளுக்கு மாறும் செடியே நமக்குத் தேவை. இதற்குச் சாயும் உயரம் தேவையில்லை.

அரங்கநாதன்:
நீங்கள் வருணிக்கும் இளம்பருவம் ஆப்பிரிக்க நெல்லினம் ஓரிசா கிளாபெரிமாவுக்கு இயல்பாகவே வாய்த்தது. அதில் மணி உதிர்தலும் சாய்தலும் அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவில் மான்டி ஜோன்ஸ் குழுவினர் அவ்வினத்தின் சிஜி14 வகையை ஆசிய நெல்லோடு கலந்து நெரிக்கா வகைகளை உருவாக்கினர். 2004இல் அவருக்கு உலக உணவுப் பரிசும் கிடைத்தது. அரிய சாதனைதான். எனினும் களையை அடக்கும் பண்பு எல்லா நெரிக்கா வகைகளிலும் அப்படியே இறங்கிவிடவில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு பண்பை முழுமையாக நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை முகிலன் குறைத்து மதிப்பிடுகிறார்.

செந்தாமரை:
அதையே நானும் சொல்கிறேன். மேலும், களை என்பது ஒன்றல்ல. குதிரைவாலிப் புல் நெல்லைவிட உயரமாக வளர்ந்து, வெயிலிலும் வெப்பத்திலும் நெல்லைவிடத் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்கிறது. கோரையோ நிலத்தடிக் கிழங்கின் சேமிப்போடு எழும்புகிறது. இரண்டையும் ஒரே வகை நெல் அடக்கும் என்று நம்ப இடமில்லை. விதையளவைச் சற்றுக் கூட்டினாலே நிலம் விரைவில் மூடிவிடும். அதற்குப் பத்தாண்டு இனவிருத்தி தேவையில்லை. களைக்கொல்லியும் இருக்கிறது.

முகிலன்:
களைக்கொல்லியை எவ்வளவு காலத்துக்கு நம்புவது? களைக்கொல்லி தாங்கும் நெல் 2002இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. வயல்களிலிருந்த களைநெல், அதாவது பயிரோடு களையாக முளைக்கும் நெல், விரைவிலேயே அதே மருந்துக்கு எதிர்ப்பு பெற்றது. களைநெல்லும் பயிர்நெல்லும் ஒரே இனம் என்பதால், மகரந்தத்தின் வழியே அந்தப் பண்பு களைக்குப் போய்ச் சேர்வதைத் தடுக்க முடியவில்லை. நிழலால் அடக்கும் பயிரை மீறுவது களைக்கு அவ்வளவு எளிதல்ல. விதையளவைக் கூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. மண்ணை மூடாத வகையை எவ்வளவு நெருக்கினாலும் விதைச் செலவும் சாய்தலும் கூடுமே தவிர, வீரியமான வகையில் கிடைக்கும் பலன் கிடைக்காது.

கயல்விழி:
இருவரும் நீரை மறந்துவிட்டீர்கள். நீருக்கடியில் முளைத்து எழும் நெல் இருந்தால், விதைத்த உடனே நீரைத் தேக்கிப் பல களைகளை முளைக்கவிடாமல் செய்துவிடலாம். காவோ ஹ்லான் ஆன் என்ற வகையில் காணப்பட்ட அந்தத் திறனுக்குக் காரணமான மரபணு 2015இல் அடையாளம் காணப்பட்டது. மரபணுக் குறியை (அந்த மரபணு இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளத்தை) வைத்து நாற்றிலேயே தெரிவு செய்ய முடிவதால், அரங்கநாதன் ஐயா சொன்ன சிக்கல் இதில் குறைவு.

செந்தாமரை:
வயல் சமமாகவும் நீர் கைவசமும் உள்ள இடத்தில் ஏற்கிறேன், கயல்விழி. மேட்டு நிலத்துக்கு அது உதவாது. முகிலன், ஒரே வயலில் குறைந்த விதையளவிலும் கூடுதல் விதையளவிலும் வீரியமான வகையையும் சாதாரண வகையையும் களையோடும் களையின்றியும் வளர்த்து, அறுவடையில் எடைபோட்ட முடிவைக் காட்டுங்கள். அதுவரை இனவிருத்தித் திட்டத்தில் இதற்குத் தனி இடம் ஒதுக்கச் சம்மதிக்க மாட்டேன்.