ஆயில் ரிப்போர்ட்டில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறியிருக்கிறது, எங்கே பார்ப்பது?

வணக்கம் நண்பர்களே, 1,40,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார் என்னுடையது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே, முதலில் வடிவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேய்ந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க லேபுக்கு அனுப்புவேன். முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் இரும்பு 18, 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). இந்த முறை 46. ஓடிய தூரம் மூன்று முறையும் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர்தான், அதனால் தூரத்தின் மேல் பழி போட முடியவில்லை.

அலுமினியம் 4லிருந்து 11, சிலிக்கான் 9லிருந்து 28. கூலண்டில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் ஏறவில்லை, அதனால் கூலண்ட் கலக்கவில்லை என்று நினைக்கிறேன். பேரிங் தேய்ந்தால் ஏறும் ஈயமும் செம்பும் பழையபடியே இருப்பதால் பேரிங் பற்றிப் பெரிய பயமில்லை.

இடையில் இரண்டு வேலை நடந்தது: வால்வு கவர் கேஸ்கெட் மாற்றியபோது சிலிக்கோன் சீலண்ட் பூசினார்கள், அப்புறம் ஏர் ஃபில்டரும் மாற்றினேன். சீலண்டிலிருந்து மட்டும் சிலிக்கான் வந்திருந்தால் இரும்பும் அலுமினியமும் கூடவே ஏறியிருக்காதே? ஃபில்டர் சரியாக உட்காராமல் சிலிக்கான் உள்ள தூசி உள்ளே போய் ரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் தேய்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

ஏர் பாக்ஸிலிருந்து த்ராட்டில் வரை குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்த்தால் போதுமா, இல்லை கம்ப்ரஷன் டெஸ்டும் (சிலிண்டர் அழுத்தம் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) இப்போதே செய்துவிட வேண்டுமா? புது ஆயிலில் 3,000 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி சாம்பிள் எடுக்கலாமா? இப்படி ரிப்போர்ட் வந்து சரிசெய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த இன்ஜினை இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும் என்று ஆசை.