எம்35ஏ2 லாரி: பின்னச்சை வெட்டலாமா, விட்டுவைக்கலாமா?

சேற்றுவண்டி: ஏலத்தில் ஒரு எம்35ஏ2, அதாவது எல்லோரும் 'டியூஸ்' என்று சொல்லும் வண்டி, எடுத்திருக்கிறேன். அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட இரண்டரை டன் லாரி, மூன்று அச்சு, பத்து டயர். டெக்சஸில் காட்டுப்பாதை, சேறு, ஆற்று மணல், இதில்தான் ஓட்டப்போகிறேன். ஒரு பின்னச்சைக் கழற்றி, சேஸிஸை (அடிச்சட்டத்தை) வெட்டிக் குட்டையாக்கி, நாலு சக்கர வண்டியாக்க ஆசை. இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பழையஇரும்பு: வேண்டாம் தம்பி. கம்பெனியிலிருந்து வந்தபடி இந்த வண்டியில் எந்த டிஃபரன்ஷியலுக்கும் (அச்சின் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரக் கூட்டு) லாக் கிடையாது, அதனால் ஒரு சக்கரம் வழுக்கினால் அந்த அச்சில் அது மட்டும்தான் சுற்றும். ஆனால் இரண்டு பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியலே இல்லை. ஒரே தண்டு முதல் அச்சின் வழியாக அடுத்ததற்குப் போகிறது. முன்னச்சும் சேர்ந்துவிட்டால், அச்சுக்கு ஒரு சக்கரம் வீதம் குறைந்தது மூன்று சக்கரமாவது சுற்றும். ஓர் அச்சை வெட்டினால் இரண்டுதான்.

அதைவிடப் பெரிய நட்டம் பின் ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒரு பட்டைக்கட்டு (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), நடுவில் முளையில் ஆடுகிறது, அதன் இரண்டு நுனியிலும் இரண்டு அச்சு. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் அடுத்தது பள்ளத்துக்குள் அழுந்தும். பாரம் எப்போதும் இரண்டுக்கும் பங்காகும். வெட்டிய வண்டியில் இது போயே போய்விடும். வெறும் வண்டியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். இன்ஜின், வின்ச் எல்லாம் முன்னால். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்சக்கரம் சும்மா வழுக்கும்.

கல்லாறு: அண்ணன் சொன்ன சக்கரக் கணக்கு சரி, ஆனால் அது லாக்கர் (அச்சின் இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் கருவி) போடாத வண்டிக்கு. இந்த ராக்வெல் அச்சுக்கு டெட்ராய்ட் லாக்கர் கிடைக்கிறது. இரண்டு போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். ஆறையும் இழுக்க வைக்க மூன்று வாங்க வேண்டும். டயரும் அப்படித்தான், நாலா ஆறா?

அப்புறம் எடை. வெறும் வண்டியே ஆறு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அச்சு, ரிம், டயர், சேஸிஸ் துண்டு எல்லாம் போனால் ஏறத்தாழ ஒரு டன் குறையும். இன்ஜின் 7.8 லிட்டர் என்றாலும் 130 சொச்சம் குதிரைத்திறன்தான். அதற்கு ஒரு டன் பெரிய விஷயம். நீளம் குறைவதால் மரங்களுக்கு நடுவே திருப்பலாம், மேட்டு முகட்டில் வயிறு தட்டாது. மூன்று அச்சு வண்டியைக் காட்டுப்பாதையில் வளைத்தவனுக்கு இது புரியும்.

பழையஇரும்பு: திருப்பம் விஷயத்தில் மறுப்பில்லை. சேறும் மணலும் என்று அவர் சொன்னதால்தான் பேசுகிறேன். அங்கே மாட்டுவது நீளத்தால் அல்ல, பின்னாலிருக்கும் இரட்டை டயரால். முன்னால் ஒற்றை டயர் போட்ட தடத்தில் பின் ஜோடி சரியாக விழாது. புதுச் சேற்றை உழுதுகொண்டு போகும். ஜோடிக்கு நடுவே கல் வேறு சிக்கும். ராணுவமே எம்35ஏ3 செய்தபோது என்ன செய்தது? கேட்டர்பில்லர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், பெரிய ஒற்றை டயர், ஓட்டிக்கொண்டே காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி. அச்சை மட்டும் வெட்டவில்லை.

கல்லாறு: ராணுவத்துக்கு இரண்டரை டன் சுமக்க வேண்டியிருந்தது. இவர் ஐஸ்பெட்டியும் கூடாரமும்தானே ஏற்றப்போகிறார்!

மூன்றாம்கியர்: இத்தனை வெட்டு ஒட்டு எதற்கு? மெர்சிடிஸின் சின்ன ராணுவ லாரி யூனிமாக் 404 வாங்குங்கள். போர்ட்டல் அச்சு (சக்கர மையத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் அச்சு), காயில் ஸ்பிரிங், முன்னும் பின்னும் டிஃப் லாக், தரைக்கும் அச்சுக்கும் 40 செ.மீ. எடை உங்கள் டியூஸில் பாதி.

பழையஇரும்பு: 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 82 குதிரை. நெடுஞ்சாலையில் அதன் பின்னால் மாட்டிக்கொண்டவனைக் கேளுங்கள். காட்டுக்குள் அது ராஜா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வாங்கிவிட்டது டியூஸ்.

சேற்றுவண்டி: டயரைப் பற்றிச் சொல்லுங்கள். இப்போதிருப்பது 9.00-20 (அகலம் 9 அங்குலம், ரிம் 20 அங்குலம்). நேராக 14.00ஆர்20 போட்டுவிடலாமா?

கல்லாறு: தாராளமாக. விட்டம் 9 அங்குலம் வரை கூடும். அச்சுக்குக் கீழே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கிடைக்கும். வண்டி உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் எவ்வளவு போட்டாலும் இது வராது, அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான்.

பழையஇரும்பு: அதற்கான விலையையும் சொல்லுங்கள் கல்லாறு. டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போவதால் கியர் ஐந்தில் ஒரு பங்கு உயரமாகிவிடும். முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் லோ கியரே கிட்டத்தட்ட 2:1தான். பாறையில் ஊர்ந்து போக ஏற்கெனவே போதாத வண்டி, இன்னும் வேகமாக ஊரும், கிளட்ச் தேயும். ஸ்டியரிங்குக்கு பவர் கிடையாது; அந்த டயரோடு, முன்னால் லாக்கரும் இருந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். பிரேக் அதைவிட மோசம். காற்று உதவியோடு ஓடும் ஹைட்ராலிக்தான், ஆனால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட் (பிரேக் எண்ணெய்ப் பாதை). எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தமும் போச்சு. காட்டில் குச்சி குத்தி ஹோஸ் கிழிவது புதிதா?

கல்லாறு: பிரேக்கில் உங்களோடு சண்டையில்லை. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் முதல் வேலை. டயருக்கு 395/85ஆர்20 பார்க்கலாம், ராணுவத்தின் பிந்தைய எல்எம்டிவி லாரியின் அளவு. 14.00-ஐ விடக் கொஞ்சம் சின்னது, கியர் அவ்வளவு கெடாது. ஆனால் இந்தப் பெரிய டயர்கள் வண்டியோடு வந்த ரிம்மில் உட்காராது, ரிம்மையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேற்றுவண்டி: அப்படியானால் பிரேக், ஒற்றை டயர், பின்னால் லாக்கர், இந்த வரிசை. வெட்டுவதை மழைக்காலம் ஓட்டிப்பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

பழையஇரும்பு: டிரான்ஸ்பர் கேஸ் எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஸ்பிராக் வகை (தானாகப் பிடிக்கும் ஒருவழிக் கிளட்ச்) என்றால் பின்சக்கரம் வழுக்கிய பிறகுதான் முன்னச்சு பிடிக்கும். ஈர ஏற்றத்தில் அது தாமதம். காற்றால் பூட்டும் வகை என்றால் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம்.

கல்லாறு: ஸ்பிராக் என்றால் முன்னும் பின்னும் ஒரே டயர் போடுங்கள். அளவு மாறினால் முன்னச்சு வேண்டாதபோதே தானாகப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது.